ஆவிக் காதல் கதைகளும் நாங்களும்

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பது நம் முன்னோர் வாக்கு. இருட்டைக் கண்டு அஞ்சும் வயதை நாங்கள் கடந்துவிட்டோம். ஆயினும் பேயும் காதலும் கலந்து வரும் நாவல் ஒன்று கைக்குக் கிடைத்தால் எங்களில் பலருக்குப் பசி, தூக்கம் மறந்துவிடுகிறது.

சென்ற பருவத்தில் ஒரு நாள், சமூக அறிவியல் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்திருந்த நாவல் ஒன்று எங்கள் வகுப்பாசிரியையான சிஸ்டரின் கையில் அகப்பட்டது. தண்டனை நிச்சயம் என்று நடுங்கினோம். சிஸ்டரோ, "ஒளித்துப் படிப்பது எதற்கு? படித்ததைப் பற்றி எல்லோர் முன்னிலையிலும் பேசத் துணிவு உண்டா?" என்று கேட்டார்கள். அதன் பயனாக, 'ஆவிக் காதல் கதைகள் நமக்குத் தேவையா?' என்னும் தலைப்பில் எங்கள் தமிழ் மன்றத்தில் கலந்துரையாடல் நடைபெற்றது. அதில் எழுந்த கருத்துகளை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

நாங்கள் படிப்பவை

தமிழில் இத்துறையில் புகழ் பெற்றவர் இந்திரா சௌந்தர்ராஜன் (1958–2024). சித்தர்கள், காவல் தெய்வங்கள், மறுபிறவி ஆகியவற்றை வைத்து மர்மக் கதைகள் புனைந்தவர். அவருடைய 'விடாது கருப்பு' தொண்ணூறுகளில் தொலைக்காட்சித் தொடராக வந்தது. எங்கள் தாய்மார் அதை இன்றும் மறக்கவில்லை. சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' 1981இல் குமுதம் வார இதழில் தொடர்கதையாக வந்தது. நடப்பவை பேயின் வேலையா, விஞ்ஞானத்தின் வேலையா என்று வழக்கறிஞர் கணேஷும் அவருடைய உதவியாளர் வசந்தும் அதில் துப்புத் துலக்குகிறார்கள். ஆங்கிலம் படிப்போர் விரும்புவது, அமெரிக்க எழுத்தாளர் ஸ்டெஃபனி மேயர் எழுதி 2005இல் வெளியான 'ட்விலைட்'. பெல்லா என்னும் பதினேழு வயதுப் பெண், எட்வர்டு என்னும் இரத்தக் காட்டேரி இளைஞனைக் காதலிக்கும் கதை அது. அவன் 1901இல் பிறந்தவன். ஆனாலும் தோற்றத்தில் என்றும் பதினேழு வயதுதான்!

ஏற்றும் மறுத்தும்

முதல் அணியினர் இக்கதைகளை ஆதரித்தார்கள். அவர்களுள் ஒருத்தியின் தாயார் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் வீடு திரும்பியதும் பாக்கெட் நாவலைக் கையில் எடுப்பாராம். கேட்டால், "மிசின் சத்தம் காதுக்குள்ளயே நிக்குது கண்ணு. நாலு பக்கம் படிச்சாத்தான் தூக்கமே வருது" என்பாராம். உழைத்துக் களைத்த மனத்துக்குக் கற்பனை ஓர் இளைப்பாறல் என்பது இவர்கள் வாதம்.

இரண்டாம் அணியினர் எதிர்த்தார்கள். அரசுப் பொதுத் தேர்வு எழுதும் ஆண்டில் பொழுது வீணாகிறது, மூடநம்பிக்கை வளர்கிறது, இரவில் தனியே தண்ணீர் குடிக்க எழுவதற்கும் அச்சமாக இருக்கிறது என்றார்கள். கடைசிக் காரணத்தைக் கேட்டு அவையே சிரித்தது.

மூன்றாவது கருத்து

அப்போது வழக்கமாகப் பேசாத தோழி ஒருத்தி எழுந்தாள். "இக்கதைகளில் பேய் எனக்கு அச்சம் தரவில்லை; காதலன்தான் அச்சம் தருகிறான்" என்றாள். 'ட்விலைட்' கதையில் பெல்லா உறங்கும்போது, அவள் அறியாமலே எட்வர்டு அவள் அறைக்குள் புகுந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். "நம் வீட்டில் ஒருவன் அப்படி நுழைந்தால் கூச்சலிடுவோம். புத்தகத்தில் மட்டும் அதை அன்பு என்கிறோமே, ஏன்?" என்று அவள் கேட்டாள். ஒருவரும் விடை கூறவில்லை.

அவள் யாரை நினைத்துக் கேட்டாள் என்பதை நாங்கள் அறிவோம். முன்பு எங்களோடு படித்த தோழி ஒருத்தியைப் பஸ் நிறுத்தத்திலிருந்து ஒருவன் நாள்தோறும் பின்தொடர்ந்தான். கதாநாயகனும் இப்படித்தானே வருவான் என்று முதலில் அவளும் சிரித்தாள், நாங்களும் சிரித்தோம். பிறகு அவளுக்கு அச்சம் வந்தது. வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்று வாய் திறக்கவில்லை. அயலார் வழியாகச் செய்தி வீட்டை எட்டியபோது அவள் அஞ்சியதே நடந்தது. இன்று அவள் வீட்டில் அமர்ந்து பனியனுக்குப் பிசிர் வெட்டிக்கொண்டிருக்கிறாள். பின்தொடர்ந்தவனுக்கு எந்தக் குறையும் இல்லை.

பழையனூர் நீலி சொல்லும் பாடம்

கலந்துரையாடலின் முடிவில் தமிழாசிரியை அவர்கள் பழையனூர் நீலியின் கதையை நினைவூட்டினார்கள். திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் வழங்கும் பழங்கதை அது. கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகிறாள். அவன் மறுபிறவியில் வணிகனாக வரும்போது, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, "இவர் என் கணவர்" என்று ஊரார் முன் முறையிடுகிறாள். எழுபது வேளாளர் அவளை நம்பி, வணிகன் உயிருக்குத் தங்கள் உயிரையே பிணையாகக் கொடுக்கிறார்கள். அவள் அவனைக் கொன்று பழி தீர்த்துக்கொள்ள, அவர்கள் சொன்ன சொல் தவறாமல் தீப்புகுந்து மாள்கிறார்கள்.

வேளாளர்களின் வாய்மையைப் போற்றவே இக்கதையைச் சொல்வது வழக்கம். எங்களுக்கோ வேறொன்றும் தோன்றியது. அவள் உயிரோடு இருந்தபோது அவளுக்காக எந்தச் சபையும் கூடவில்லை. பேயாக வந்த பிறகே ஊர் கூடிச் செவி சாய்த்தது. ஒரு பெண் தன் துயரைச் சொல்லப் பேயாகத்தான் வர வேண்டுமா?

எங்கள் முடிவு

ஆவிக் கதைகளைப் படிக்கலாம். ஆனால் யார் எழுதியதாயினும் அதன் உண்மைப் பொருளை ஆராய்வதே அறிவு என்று வள்ளுவப் பெருந்தகை கூறியதை மறவாமல் படிக்க வேண்டும். பேய் கற்பனை என்று எளிதில் கண்டுகொள்கிறோம். பின்தொடர்வதும் ஒளிந்து பார்ப்பதும் அன்பு என்பதும் அதைப் போன்ற கற்பனையே என்று கண்டுகொள்ளல் வேண்டும்.

தோழியரே, அச்சம் தோன்றிய அன்றே பெற்றோரிடமோ ஆசிரியையிடமோ சொல்லுங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்ட எவரும் 1098 என்னும் எண்ணைக் கட்டணமின்றி அழைத்து உதவி கேட்கலாம்.

அன்புப் பெற்றோரே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். எங்கள் கையில் நாவலைக் கண்டால் கடிந்துகொள்ளுங்கள், பொறுத்துக்கொள்வோம். ஆனால், "அம்மா, ஒருவன் என்னைப் பின்தொடர்கிறான்" என்று நாங்கள் சொல்லும் நாளில் எங்கள் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். அந்த உறுதி ஒன்று இருந்தால் எதையும் உங்களிடம் மறைக்க மாட்டோம்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி