அறுபது டன் தங்கம் எங்கும் போகவில்லை

ஈசூனிலிருந்து பள்ளி விடுமுறைக்கு மலாக்கா போகும் குடும்பங்கள், ஆற்றங்கரையில் நிற்கும் பெரிய மரக்கப்பலின் முன் படம் எடுத்துக்கொள்ளாமல் திரும்புவதில்லை. 1511இல் மூழ்கிய 'ஃப்ளோர் தே லா மார்' என்ற போர்ச்சுகீசியக் கப்பலின் மாதிரி அது. 1994 முதல் கடல்சார் அரும்பொருளகமாக இருக்கிறது. படத்தோடு ஒரு கதையும் வீட்டுக்கு வந்துவிடுகிறது: அந்தக் கப்பலில் அறுபது டன் தங்கம் இருந்ததாம், பல பில்லியன் டாலர் பெறுமாம், இன்னும் கடலடியில் கிடக்கிறதாம்.

2021க்குப் பிறகு கதைக்கு வாலும் முளைத்துவிட்டது. அவ்வாண்டு ஜூனில், பெட்ரா பிராங்கா தீவுக்கு அருகே இரண்டு பழைய கப்பல்களின் எச்சங்கள் கிடைத்ததாகச் சிங்கப்பூர் தேசிய மரபுடைமைக் கழகமும் ஐசியாஸ் யூசோஃப் இஷாக் ஆய்வுக்கழகமும் அறிவித்தன. அன்று தொடங்கியது பேச்சு: "தங்கத்தை எடுத்துக்கிட்டு நமக்குப் பீங்கானைக் காட்டுறாங்க." காப்பிக்கடையில் கேட்கிறது. வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தேசப்படத்தை ஒருமுறை விரித்துப் பார்த்திருந்தால் இதை யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மலாக்காவைக் கைப்பற்றிய அஃபோன்சோ தெ அல்புகெர்க், 1511 நவம்பரில் அந்தக் கப்பலில் ஏறி இந்தியாவை நோக்கிப் புறப்பட்டார். போன திசை வடமேற்கு. கப்பல் உடைந்தது சுமத்ராவின் வடகிழக்குக் கரையோரம், அன்றைய ஆரு நாட்டின் கடலில். பெட்ரா பிராங்காவோ சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாசலில், நேர் எதிர்ப்பக்கத்தில், பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மலாக்காவின் கொள்ளைப் பொருளை ஏற்றிய பிறகு ஃப்ளோர் தே லா மார் அந்தப் பக்கம் வரவே இல்லை. வராத கப்பலின் தங்கத்தை அங்கே யார் ஒளித்து எடுப்பது?

சரி, சுமத்ராக் கரையிலாவது அறுபது டன் இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு விடை தேட அல்புகெர்க்கின் வரலாற்றை அவருடைய மகன் பிராஸ் தொகுத்து 1557இல் வெளியிட்ட நூலுக்குப் போக வேண்டும். அல்புகெர்க் தன் கல்லறைக்கென்று எடுத்து வந்த சிங்க உருவங்கள் மூழ்கியது அதில் இருக்கிறது. சயாம் மன்னர் போர்ச்சுகல் அரசருக்கு அனுப்பிய பொற்கிரீடமும் வாளும் மாணிக்க மோதிரமும் காப்பாற்றப்பட்டதும் இருக்கிறது. கப்பலில் பெருஞ்செல்வம் இருந்தது, அது போயிற்று என்ற வருத்தமும் உண்டு. அறுபது டன் என்ற எடைதான் இல்லை. அது நம் காலத்துப் புதையல் வேட்டைக்காரர்களின் எண். முதலீட்டாளர்களைக் கூட்டுவதற்குப் பெரிய எண் தேவை. செய்தித்தாள்களுக்கும் அது தேவையாக இருந்தது.

கப்பலையும் கொஞ்சம் பாருங்கள். 1502இல் லிஸ்பனில் கட்டிய, சுமார் 400 டன் கொள்ளளவுள்ள மரக்கலம். தொடக்க ஓட்டங்களிலேயே ஒழுகத் தொடங்கி, மொசாம்பிக்கில் மாதக்கணக்கில் நின்று பழுது பார்க்கப்பட்டது. மலாக்காப் போருக்கு வந்தபோது ஒன்பது வயது. வெப்பக் கடலில் புழு அரித்த மரத்துக்கு அது முதுமை. புயலில் அது மோதி இரண்டாகப் பிளந்தது ஆழ்கடலில் அல்ல, கரையை ஒட்டிய மேட்டுத் திட்டில். அல்புகெர்க் தெப்பம் கட்டிக்கொண்டு தப்பினார். துணைக்கு வந்த 'திரிந்தாதே' கப்பல் அவரை ஏற்றிக்கொண்டது. ஆள் தெப்பத்தில் தப்பக்கூடிய இடத்தில் தங்கமலை கிடந்திருந்தால், மூச்சடக்கி இறங்கிப் பழகிய கடற்கரை மக்கள் அதை ஐந்நூறு ஆண்டுகள் பார்த்துக்கொண்டா இருந்திருப்பார்கள்?

உண்மையாகவே பொன்னும் வெள்ளியும் கிடைத்த கப்பல்கள் உண்டு. 1622இல் ஃபுளோரிடா அருகே மூழ்கி 1985இல் பெருமளவு மீட்கப்பட்ட ஸ்பானியக் கப்பல் 'அத்தோச்சா' அதில் ஒன்று. அதற்குச் சரக்குப் பதிவேடு இருந்தது. ஃப்ளோர் தே லா மாருக்கு அப்படி ஒரு பட்டியல் கிடைத்ததில்லை. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க வேட்டைக்காரர் ராபர்ட் மார்க்ஸ் கப்பலைக் கண்டுவிட்டதாகச் சொன்னார். மலேசியா, இந்தோனேசியா, போர்ச்சுகல் மூன்றும் உரிமைப் பேச்சில் இறங்கின. அந்தக் கப்பலுடையது என்று உறுதி செய்யப்பட்ட ஒரு நாணயம்கூட இன்றுவரை எந்த அரும்பொருளகத்திலும் இல்லை.

மலாக்காவில் ரகசிய வரலாறு வேண்டுமென்றால், தமிழர்கள் தேட வேண்டியது ஒரு தமிழ் வணிகரை. போர்ச்சுகீசிய ஏடுகள் அவரை நினா சட்டு என்கின்றன. 1509இல் சுல்தானிடம் சிறைப்பட்ட போர்ச்சுகீசியருக்கு அவர் ரகசியமாக உணவும் உதவியும் அனுப்பினார். 1511இல் நகரம் சூறையாடப்பட்டபோது அவருடைய வீடுகளைத் தொடக்கூடாது என்று அல்புகெர்க் ஆணையிட்டார். பிறகு அவரே பெண்டஹாரா என்ற உயர்பதவியில் அமர்த்தப்பட்டார். போர்ச்சுகீசிய அரசோடு பங்கு போட்டுப் பர்மாவுக்குக் கப்பல் அனுப்பினார். 1514 வாக்கில் அப்பதவி கம்பார் அரசருக்குப் போகிறது என்று தெரிந்ததும் சந்தனக் கட்டை அடுக்கித் தீயில் இறங்கினார் என்று போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். துரோகியா, தன் சமூகத்தைக் காக்கக் கணக்குப் போட்டவரா என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. இவ்வளவு பெரிய நாடகம் நம் கண்ணெதிரே கிடக்க, இல்லாத தங்கத்துக்கு வாய் பிளக்கிறோம்.

இதில் சாகச நாவல்களுக்கும் பங்குண்டு. அவற்றைப் படிப்பதில் குற்றமில்லை. படித்த கையோடு கடலடியும் அப்படித்தான் இருக்கும் என்று நம்புவதுதான் கோளாறு. கிளைவ் கஸ்லரின் புகழ்பெற்ற 1976ஆம் ஆண்டு நாவலில் டைட்டானிக் முழுதாக மேலே தூக்கப்படுகிறது. 1985இல் உண்மையான டைட்டானிக் கண்டுபிடிக்கப்பட்டபோது இரண்டாக உடைந்து கிடந்தது. அதாவது எஃகுக் கப்பலுக்கே அந்தக் கதி. பெட்ரா பிராங்கா அருகே கிடைத்த இரண்டில் பழைய கப்பலின் மரத்தில் ஒன்றுமே மிஞ்சவில்லை. 2015இல் வேறொரு வேலையாக அங்கே இறங்கிய முக்குளிப்பாளர்களின் கண்ணில் பட்டவை பீங்கான் தட்டுகள். 2016இல் அகழாய்வு தொடங்கியது. இழுக்கும் நீரோட்டத்தில், பாறை இடுக்குகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்துச் சேர்த்ததில் சுமார் மூன்றரை டன் மட்பாண்டமும் பீங்கானும் வந்தன.

"வெறும் பீங்கான்தானே" என்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். அந்தச் சரக்கில் யுவான் அரச காலத்து நீல வெள்ளைப் பீங்கான் இருக்கிறது. பதிவான வேறெந்தக் கப்பலிலும் அவ்வளவு கிடைத்ததில்லை. சில கிண்ணங்களில் தாமரைக் குளமும் இணை வாத்துகளும் தீட்டப்பட்டிருக்கின்றன. அந்த வடிவம் 1332 வரை பேரரசரின் அரண்மனைக்கே உரியதாக இருந்தது என்பதால், கப்பல் அதற்குப் பின்னர் புறப்பட்டது என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். ஓர் ஓவியம் கப்பலின் காலத்தைச் சொல்லிவிடுகிறது. பொன்கட்டியால் அது முடியாது. உருக்கிய தங்கத்துக்கு ஊரும் தெரியாது, ஆண்டும் தெரியாது.

அதைவிட முக்கியம் ஒன்று உண்டு. அதே வகைப் பீங்கான் துண்டுகள் கேனிங் கோட்டைக் குன்றிலும் எம்பிரஸ் பிளேஸிலும் மண்ணுக்கடியில் கிடைத்திருக்கின்றன. கப்பல் அன்றைய சிங்கப்பூரான தெமாசெக்குக்கே வந்துகொண்டிருந்திருக்கலாம். 1819இல் ராஃபிள்ஸ் வந்திறங்கும்வரை இங்கே ஒன்றுமில்லை, வெறும் மீனவர் குப்பம் என்று இன்னும் பேசுகிறவர்கள் அந்தத் துண்டுகளின் முன் நின்று அதைச் சொல்லிப் பார்க்கட்டும். பதினான்காம் நூற்றாண்டில் உயர்ந்த சீனப் பீங்கானை வாங்கும் வசதி படைத்த ஊர் இது.

2019இல் கண்டறியப்பட்ட இரண்டாவது கப்பல் 'ஷா முன்ச்சர்'. இந்தியாவில் கட்டிய வணிகக் கப்பல். சீனாவிலிருந்து இந்தியா திரும்பும் வழியில் 1796இல் மூழ்கியது. பீங்கான் சரக்கோடு நான்கு நங்கூரங்களும் ஒன்பது பீரங்கிகளும் கிடைத்தன. பீரங்கி என்றதும் போர்க்கப்பல் என்று சிலர் கிளம்பிவிட்டார்கள். அக்கால வணிகக் கப்பல்கள் தற்காப்புக்கும் சைகைக்கும் பீரங்கி வைத்திருப்பது வழக்கம்.

முதல் கப்பல் ராஜேந்திர சோழனுடையது என்றும் ஒரு பதிவு சுற்றுகிறது. சோழர் படையெடுப்பு 1025இல். கப்பல் பதினான்காம் நூற்றாண்டு. முந்நூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. சோழர்களுக்கு இரவல் பெருமை தேவையில்லை.

ஜப்பானியத் தளபதி யமாஷிதாவின் தங்கம் ஜோகூர் நீரிணையில் புதைந்திருக்கிறது என்பதும் அந்த ரகம்தான். யமாஷிதா 1942 ஜூலையிலேயே சிங்கப்பூரை விட்டு மஞ்சூரியாவுக்கு அனுப்பப்பட்டுவிட்டார். போர் முடிவில் சரணடைந்தது பிலிப்பீன்ஸில். அந்த நீரிணையில் உண்மையாக நடந்த சாகசம் வேறு. 1945 ஜூலை 31 அன்று பிரிட்டிஷ் குறுநீர்மூழ்கி ஒன்று ஜப்பானியப் போர்க்கப்பல் 'தக்காவோ'வின் அடியில் நுழைந்தது. ஜேம்ஸ் மெகென்னிஸ் என்ற முக்குளிப்பாளர் மூச்சுக்கருவி கசியக் கசிய, அடிப்பலகையில் அப்பியிருந்த சிப்பிகளைச் சுரண்டிச் சுரண்டி வெடிகளை ஒட்டினார். அவருக்கும் தளபதி இயன் ஃபிரேசருக்கும் விக்டோரியா கிராஸ் கிடைத்தது. ஈசூனிலிருந்து செம்பவாங் கடற்கரைக்குப் பேருந்தில் போகும் தூரத்தில் நடந்தது இது.

கண்டெடுத்தவருக்கே சொந்தம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சிங்கப்பூர்க் கடலில் சிதைந்த கப்பலின் பொருளை எடுத்தவர் அதிகாரியிடம் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

கடலிலிருந்து தங்கமே வராது என்று யாரும் சொல்லவில்லை. ஆசிய நாகரிகங்கள் அரும்பொருளகத்தில் இருக்கும் தாங் காலக் கப்பலின் சரக்கில் எட்டுப் பக்கப் பொற்கிண்ணம் ஒன்று உண்டு. ஆனால் 1998இல் பெலித்தூங் தீவருகே கிடைத்த அந்த அரபுக் கப்பலின் காலத்தைச் சொன்னது அதுவல்ல. 826ஆம் ஆண்டுக்குரிய தேதி பொறித்த ஒரு மண் கிண்ணம். அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட பாண்டங்களில் ஒன்று. அந்த அகழ்வை ஒரு வணிக நிறுவனம் செய்ததால், 2011இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் கண்காட்சியை நிறுத்திவைத்தது. கடலடி வணிகம் வரலாற்றுக்கு என்ன செய்யும் என்ற கவலை அங்கே அவ்வளவு தீவிரமாக இருந்தது.

அந்தக் கவலை நமக்கும் வேண்டும். ஏனென்றால் நம் பக்கத்துக் கடலில் இப்போதே கொள்ளை நடக்கிறது. 1941 டிசம்பர் 8 அன்று செம்பவாங் கடற்படைத் தளத்திலிருந்து புறப்பட்ட 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' போர்க்கப்பல்கள் இரண்டு நாளில் குவாந்தானுக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டன. 840 பேர் மாண்டார்கள். அந்தக் கப்பல்கள் போர்க் கல்லறைகள். அவற்றின் இரும்பையும் வெண்கலத்தையும் வெடி வைத்துப் பெயர்த்து விற்கிறார்கள். 2023 மே மாதம் மலேசியக் கடலோரக் காவல்துறை பழைய பீரங்கிக் குண்டுகளோடு ஒரு சீனக் கப்பலைப் பிடித்தது. ஜாவாக் கடலில் கிடந்த மூன்று டச்சுப் போர்க்கப்பல்கள் பெரும்பாலும் காணாமல் போனது 2016இல் தெரியவந்தது. பழைய இரும்புக்காக மனித எலும்புகள் கிடக்கும் இடத்தைப் பிளக்கிறார்கள். இதைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒருவரும் ஆவேசப்படுவதில்லை.

அந்தக் கடற்படைத் தளத்து வரலாற்றின் இன்னொரு பாதி ஈசூனிலும் செம்பவாங்கிலும் அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறது. 1938இல் தளத்தின் பெரிய கப்பல் பழுதுத்துறை திறந்த காலத்திலிருந்து, 1968இல் அது செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறிய பிறகும், ஏராளமான தமிழரும் மலையாளிகளும் அங்கே வேலை பார்த்தார்கள். ஈசூன் தொழிற்பேட்டையில் இருக்கும் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயமே தளத்துத் தொழிலாளர் வழிபாட்டில் தொடங்கியது. போர்க்கப்பல்களுக்குப் பெயிண்ட் அடித்தவர்கள், கொதிகலன் துடைத்தவர்கள், பாத்திரம் கழுவியவர்கள். அவர்களின் நுழைவு அட்டைகளும் சம்பளச் சீட்டுகளும் புகைப்படங்களும் வீடு மாறும்போதெல்லாம் குப்பைக்குப் போகின்றன.

இது தடுக்கக்கூடிய இழப்பு. தாத்தாவின் தள அட்டை வீட்டில் இருந்தால் இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுங்கள். எந்தத் துறை, எந்தக் குடியிருப்பு வரிசை, எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். பாட்டி இருந்தால் பேச வைத்துக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள், தமிழிலேயே. பிறகு தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையத்தைத் தொடர்புகொள்ளுங்கள். 1979 முதல் இதற்காகவே இயங்குகிற நிலையம் அது. தமிழில் பேசியவர்களின் பதிவுகளும் அங்கே இருக்கின்றன.