தங்கம் சுற்றி வரும், தவணை சொல்லாது

"தங்கத்துக்கு ஒரு சுற்று உண்டு, இறங்கினால் ஏறும்" என்று வவுனியா கடைவீதியில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். 1980 ஜனவரியில் ஒரு அவுன்ஸ் 850 டொலர். 1999இல் சுமார் 250. 2011 செப்டெம்பரில் சுமார் 1,900. 2015 டிசம்பரில் சுமார் 1,050. முதல் இறக்கம் 19 வருடம், அடுத்தது 4 வருடம். இதை வைத்து எப்படித் தவணை குறிப்பது?

நான் 2011 உச்சத்தில் கடை முதலைத் தங்கமாக்கினேன். 2013இல் சரக்கெடுக்கக் காசில்லாமல் நட்டத்துக்கு விற்றேன்.

நமது பவுன் விலையில் டொலரும் சேர்ந்திருக்கிறது. 2022 மார்ச் முதல் மே வரை டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது. உலக விலை பெரிதாக ஏறாமலே இங்கு பவுன் ஏறியது.

ஆகவே சகோதரர்களே, மிச்சக் காசில் தங்கம் வாங்குங்கள். கடன் காசிலும் சரக்குக் காசிலும் வேண்டாம்.