மின்சாரக் கார் வாங்குமுன் ஒரு கணக்கு

ஹென்றி ஃபோர்டு என்றதும் பெட்ரோல் கார்தான் நம் நினைவுக்கு வரும். அதை எளியவர் வீட்டு வாசலுக்கும் கொண்டு வந்தவர் அவர். ஆனால் அவருடைய மனைவி கிளாரா அம்மையார் தமக்கென வைத்திருந்தது 1914-ஆம் ஆண்டு செய்யப்பட்ட 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்' என்னும் மின்சாரக் கார்! அக்காலத்துப் பெட்ரோல் காரைக் கிளப்ப வேண்டுமானால், முன்புறம் நின்று இரும்புக் கைப்பிடியைப் பலங்கொண்ட மட்டும் சுழற்ற வேண்டும். அது எதிர்த்து அடித்தால் கை எலும்பு முறிவதும் உண்டு. மின்சாரக் காரிலோ ஏறி அமர்ந்து ஒரு நெம்புகோலை நகர்த்தினால் போதும். புகையில்லை, இரைச்சலில்லை. நகரத்துச் செல்வக் குடும்பப் பெண்கள் அதை விரும்பியதில் வியப்பென்ன? 1900-இல் அமெரிக்காவில் செய்யப்பட்ட 4,192 கார்களில் 1,575 மின்சாரக் கார்கள். பெட்ரோல் கார்கள் 936 மட்டுமே. மீதியெல்லாம் நீராவியால் ஓடியவை.

அப்படியிருந்தும் அது ஏன் மறைந்தது? 1912-இல் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் காடிலாக் காரில் வந்தது. கைப்பிடி சுழற்றும் வேலை ஒழிந்தது. (பெட்ரோல் காரின் பெருங்குறையைத் தீர்த்து வைத்ததே மின்சாரம்தான்!) ஃபோர்டு கார்களின் விலையும் ஆண்டுக்காண்டு இறங்கியது. இவை யாவரும் கூறும் காரணங்கள். எனக்கு இவற்றினும் பெரிதாகத் தோன்றுவது ஒன்றுண்டு. மின்சாரக் காருக்கு இரவு தங்க மின்சாரம் உள்ள ஓர் இடம் வேண்டும். ஃபோர்டு குடும்பத்தாரின் 'ஃபேர் லேன்' மாளிகைக்குச் சொந்தமாக ஒரு நீர்மின் நிலையமே இருந்தது. ஆனால் 1935-இல்கூட அமெரிக்கப் பண்ணை வீடுகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் கிடைத்திருந்தது. அங்கு வாழ்ந்த உழவர் மின்சாரக் காரை எங்கே கட்டி வைப்பார்?

இன்று நம் வீடுகளில் மின்சாரம் இருக்கிறது. எனினும் அந்த இரவுத் தங்குமிடக் கேள்வி இன்னும் தீர்ந்தபாடில்லை. ஏன் என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். மாணவியர் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கிய ஆற்றல் சுமார் 9 யூனிட். வீட்டு மின்கட்டணத்தில் நாம் காணும் அதே யூனிட்தான். நம் நாட்டில் ஓடும் சிறிய மின்சாரக் கார் ஒன்றின் பாட்டரி 30 யூனிட் கொள்ளும் என வைத்துக்கொள்வோம். வகுத்துப் பாருங்கள்: மூன்றரை லிட்டர் பெட்ரோலுக்கும் குறைவு! அந்தப் பெட்ரோலின் எடை இரண்டரை கிலோ. பாட்டரியின் எடையோ 200 கிலோவுக்கு மேல். இவ்வளவு குறைந்த ஆற்றலைக் கொண்டு கார் எப்படி ஓடுகிறது என்று கேட்கலாம். பெட்ரோல் எஞ்சின் தனக்குக் கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கை வெப்பமாக வெளியே கொட்டிவிடுகிறது. மின் மோட்டாரோ சிக்கனக்காரி. பெரும்பகுதியைச் சக்கரத்துக்கே கொடுத்துவிடுகிறாள். ஆகவே 30 யூனிட்டில் சுமார் 200 கிலோமீட்டர் போகலாம்.

தொல்லை ஓடுவதில் இல்லை, நிரப்புவதில்தான் இருக்கிறது. பெட்ரோல் பங்கில் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பிளக்கில் எவ்வளவு நேரமாகும்? 230 வோல்ட்டை 15 ஆம்பியரால் பெருக்கினால் 3,450 வாட். இடையில் ஏற்படும் இழப்பைக் கழித்தால் மணிக்கு 3 யூனிட் ஏறும். அப்படியானால் 30 யூனிட் ஏறப் பத்து மணி நேரம்.

சொந்த வீடும் போர்ட்டிகோவும் உள்ளவருக்கு இது ஒரு குறையே அல்ல. இரவு ஒன்பது மணிக்குச் செருகிவிட்டுச் செபம் சொல்லிப் படுத்தால், காலை ஏழு மணிக்குக் கார் ஆயத்தமாக இருக்கும். பங்குக்குப் போகும் வேலைகூட இல்லை. ஆனால் மூன்றாவது மாடியில் வாடகைக்குக் குடியிருந்து, காரைத் தெருவோரம் நிறுத்துபவர் என்ன செய்வார்? மேலிருந்து ஒயரைத் தொங்கவிட்டு நடைபாதையின் குறுக்கே இழுப்பது ஆபத்து, மழைக்காலத்தில் பேராபத்து. பழைய வீடுகளின் ஒயரிங் பத்து மணி நேரம் தொடர்ந்து 15 ஆம்பியரைத் தாங்குவதும் ஐயமே. பிளக் சூடேறி உருகக்கூடும். மீட்டரிலிருந்து தனி லைன், நல்ல எர்த், தானே அணையும் சுவிட்சு ஆகியவற்றை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு அமைக்க வேண்டும். வாடகை வீட்டில் இச்செலவை யார் ஏற்பது?

வெளியிலுள்ள விரைவுச் சார்ஜ் நிலையங்கள் இருக்கின்றனவே என்பீர்கள். உண்மைதான். அங்கு ஒரு மணி நேரத்துக்குள் பாட்டரியின் பெரும்பகுதி நிரம்பிவிடும். ஆனால் நூற்றுக்கு எண்பது வரை மளமளவென்று ஏறிய சார்ஜ் அதன்பின் நத்தையாகிவிடும். நிறையும் தறுவாயில் மின்னோட்டத்தைக் குறைக்காவிட்டால் பாட்டரி கெட்டுவிடும் என்பதே காரணம்.

சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்குக் குடும்பத்தோடு புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். தூரம் 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வழியில் ஒருமுறையேனும் நின்று சார்ஜ் ஏற்றியாக வேண்டும். கம்பெனி சொல்லும் தூரத்தை நம்பிப் புறப்படலாகாது. அது சோதனைச் சாலையின் கணக்கு. வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும் என்று படித்திருக்கிறீர்கள். பெட்ரோல் கார் நகர நெரிசலில் எரிபொருளை வீணாக்கி, நெடுஞ்சாலையில் சிக்கனமாகும். மின்சாரக் கார் இதற்கு நேர் எதிர். பிரேக் போடும்போது ஓரளவு மின்சாரத்தைத் திரும்பப் பெறுவதால், நகரத்தில்தான் அது சிக்கனம். சார்ஜ் நிலையத்தை அடைந்தாலும் முன்னே இரண்டு கார்கள் நிற்கலாம். இயந்திரமே பழுதாகிக் கிடக்கலாம். ஒவ்வொரு கம்பெனிக்கும் கைப்பேசியில் வேறு வேறு செயலி வேண்டியிருப்பது வயதானவர்களுக்குத் தனிச் சோதனை.

2024 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களுக்கு முழுவதும் மின்சாரத்தால் இயங்கும் ஊர்தி ஒன்று வழங்கப்பட்டது. மக்கள் நடுவே மெதுவாக ஊர்ந்து சென்றுவிட்டு மீண்டும் வத்திக்கானில் தன் கொட்டகைக்கே திரும்பும் வண்டி அது. நாம் இதுவரை பேசிய தொல்லைகளில் ஒன்றேனும் அதற்கு உண்டா? இல்லை. குறைந்த வேகம், குறைந்த தூரம், இரவில் நிச்சயமான இடம்: மின்சாரக் காருக்கு உகந்த வாழ்க்கை அதுவே.

குளிரும் வெயிலும் பாட்டரிக்கு ஆகா. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் கடுங்குளிர் அடித்தபோது சார்ஜ் ஏற்றும் இடங்களில் கார்கள் வரிசையாக முடங்கி நின்றன. குளிர்ந்த பாட்டரியில் சார்ஜ் எளிதில் ஏறாது. ஆனால் குளிர்நாடான நார்வேயில் 2024-இல் விற்பனையான புதிய கார்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது மின்சாரக் கார்களே! அங்கு பெரும்பாலோர் வீட்டிலேயே சார்ஜ் ஏற்றிக்கொள்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நமக்குக் குளிர் பகையல்ல, வெயில்தான். 2012-இல் அரிசோனாப் பாலைநிலத்தில் ஒரு வகைக் காரின் பாட்டரிகள் எதிர்பார்த்ததற்கு முன்பே வலுவிழந்தன என்று உரிமையாளர்கள் முறையிட்டனர். அவற்றின் பாட்டரிக்குக் குளிர்நீர் ஓட்டம் இல்லை. வாங்குபவர்கள் இதைக் கேட்டறிய வேண்டும்.

எடை மிகுதியால் டயர் சீக்கிரம் தேய்வது போன்ற சிறு குறைகளை விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் வேடிக்கையானது. பெரிய பாட்டரி நிறைந்திருந்தாலும், விளக்கு, பூட்டு முதலியவற்றை இயக்கும் 12 வோல்ட் சிறு பாட்டரி செத்துப்போனால் கார் அசையாது.

இனி வரவு செலவு. மின்சாரக் காரின் விலை அதிகம். ஓட்டும் செலவு குறைவு. அந்த மிச்சத்தை நம்பித்தான் நடுத்தரக் குடும்பத்தார் கடன் வாங்குகிறார்கள். மிச்சமோ வீட்டு மின்சாரத்தில்தான் நிறையக் கிடைக்கிறது. வெளி நிலையங்களில் யூனிட் விலை கூடுதல். எனவே சொந்த இடம் உள்ளவருக்குக் கார் மலிவாகிறது. இல்லாதவருக்கோ விலையும் கூடுதல், ஓட்டும் செலவும் கூடுதல். விற்கப் போனால், பழைய பாட்டரியின் நிலை தெரியாமல் வாங்குபவர் தயங்குவார். பாட்டரிக்குப் பெரும்பாலும் 8 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். ஏழாம் ஆண்டுக் காரை யார் நல்ல விலைக்குக் கேட்பார்?

அடுக்குமாடியில் வசிக்கும் பெற்றோர் மேலும் ஒன்றைக் கருத வேண்டும். தம் மீட்டரிலிருந்து கார் நிறுத்துமிடத்துக்கு ஒயர் இழுக்கக் குடியிருப்போர் சங்கம் இசைய வேண்டும். தீப்பிடிக்கும் என்று அயலார் அஞ்சுவதுண்டு. மின்சாரக் கார் அடிக்கடி தீப்பிடிப்பதில்லை. ஆயினும் அதன் பாட்டரி பற்றினால் அணைக்க மிகுந்த தண்ணீர் வேண்டும். அணைந்தது மீண்டும் பற்றுவதும் உண்டு. ஆதலால் அவர்கள் அச்சத்தைப் பழிக்க முடியாது. பேசித்தான் தீர்க்க வேண்டும். சங்கத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு காருக்கு முன்பணம் கட்டலாம்.