உடற்பயிற்சியில் செலவாகும் கலோரி: கணக்கை எவ்வளவு நம்பலாம்?



காலையில் நடக்கப் போகிறவர்கள் பலர் கையில் இப்போது ஒரு கடிகாரம் இருக்கிறது. நடந்து முடித்ததும் "இன்று 200 கலோரி செலவு" என்று அது காட்டுகிறது. கைபேசியும், உடற்பயிற்சிக் கூடத்து டிரெட்மில்லும் இதேபோல் ஓர் எண்ணைச் சொல்கின்றன. "இருநூறு கலோரி போயிடுச்சே, இன்னொரு டீ குடிச்சா என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். "தினமும் நடக்கிறேன், எடை மட்டும் குறையவே மாட்டேங்குதே!" என்று அவர்களே பிறகு வருத்தப்படுகிறார்கள். இந்த எண் எங்கிருந்து வருகிறது? அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? பார்ப்போம்.

கலோரி என்பது என்ன?

1 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி சென்டிகிரேடு சூடேற்றத் தேவையான வெப்பமே உணவுக் கணக்கில் 1 கலோரி. நாம் சும்மா படுத்திருந்தாலும் இதயம் துடிக்கிறது, மூச்சு ஓடுகிறது, மூளை வேலை செய்கிறது. அதற்கும் கலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஓய்விலேயே மணிக்குச் சுமார் 50 முதல் 60 கலோரி செலவாகும். இதை மறந்துவிடாதீர்கள். கணக்கில் இது மீண்டும் வரும்.

சரியாக அளப்பது எப்படி?

உடல் உணவை எரிக்கப் பிராணவாயு வேண்டும். 1 லிட்டர் பிராணவாயு செலவானால் ஏறக்குறைய 5 கலோரி செலவானதாகக் கொள்ளலாம். ஆகவே ஆராய்ச்சிக் கூடத்தில் முகமூடி மாட்டி, நடக்கும்போது உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் அளக்கிறார்கள். மற்றொரு முறையில், அடையாளம் காணக்கூடிய கனமான ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் உள்ள தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, ஒன்றிரண்டு வாரம் சிறுநீரைச் சோதிக்கிறார்கள். 1982-இல் மனிதர்களிடம் செய்து காட்டப்பட்ட முறை இது. ஆனால் அந்த நாட்களின் மொத்தச் செலவைத்தான் இது சொல்லும். ஒரு நாள் நடையை மட்டும் பிரித்துச் சொல்லாது. இரண்டுமே செலவு பிடித்தவை. மற்றவை எல்லாம் உத்தேசக் கணக்கே.

வீட்டில் போடக்கூடிய கணக்கு

ஓய்வில் ஆகும் செலவை 1 மெட் என்று வைத்துக்கொள்கிறார்கள். அதாவது 1 கிலோ எடைக்கு மணிக்கு 1 கலோரி. ஓரளவு வேகமான நடை சுமார் 3.5 மெட். இப்படி நூற்றுக்கணக்கான வேலைகளுக்கு மெட் அளவு கொடுத்த பட்டியல் 1993-இல் வெளிவந்து, பின்னர் பலமுறை திருத்தப்பட்டது.

60 கிலோ எடையுள்ள ஒரு பெண் அரை மணி நேரம் நடந்தால்:

3.5 x 60 x ½ = 105 கலோரி.

ஆனால் அந்த அரை மணி நேரம் அவர் உட்கார்ந்திருந்தாலும் 30 கலோரி செலவாகியிருக்கும். அதைக் கழித்தால், நடந்ததால் கூடுதலாகச் செலவானது 75 கலோரிதான். பல கருவிகள் இதைக் கழிக்காமல் மொத்தத்தையே காட்டுகின்றன.

ஒரு கரண்டி, அதாவது 5 கிராம் சர்க்கரையில் 20 கலோரி. இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட டீ இரண்டு குடித்தால், பாலைச் சேர்க்காமலே 80 கலோரி. அரை மணி நடை அதிலேயே போயிற்று!

எண் ஏன் தவறுகிறது?

1. மெட் கணக்கு எல்லோருக்கும் ஒன்றல்ல. ஓய்வில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லி பிராணவாயு என்று அது வைத்துக்கொள்கிறது. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் 700-க்கும் மேற்பட்டவர்களை அளந்தபோது சராசரி 2.6 மில்லிதான் இருந்தது. உடலில் கொழுப்பு கூடுதலாக உள்ளவருக்குக் கணக்கு இன்னும் மிகையாகும்.

2. நாடித் துடிப்பை வைத்துக் கடிகாரம் கணக்கிடுகிறது. வெயில், பயம், காய்ச்சல், காப்பி ஆகியவற்றாலும் நாடி கூடும். இரத்தசோகை உள்ள பெண்களுக்குச் சின்ன வேலைக்கே இதயம் படபடக்கும். உடனே கடிகாரம் "அதிக உழைப்பு" என்று எழுதிக்கொள்ளும். மாறாக, இரத்தக் கொதிப்புக்கான சில மாத்திரைகள் நாடியைக் குறைக்கும்; அப்போது எண் குறைவாக வரும்.

3. கை அசைவையும் கடிகாரம் பார்க்கிறது. இடுப்பில் குடத்தை அணைத்துக்கொண்டு நடந்தால் அந்தக் கை அசையாது. பாரம் அதற்குத் தெரியாது.

4. டிரெட்மில்லில் கம்பியைப் பிடித்துச் சாய்ந்து நடந்தால் உழைப்பு குறையும். மெஷின் அதை அறியாது.

2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 7 வகைக் கைக்கருவிகளைச் சோதித்தார்கள். நாடித் துடிப்பை 6 கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் சொல்லின. கலோரியிலோ, இருப்பதில் நல்ல கருவிக்கே சராசரிப் பிழை 27 சதவீதம். மிக மோசமானதற்கு 93 சதவீதம்! நாடியைச் சரியாக எண்ணும் கருவிகூடக் கலோரியில் தவறலாம் என்று இதிலிருந்து தெரிகிறது.

இன்னொன்றும் உண்டு. பயிற்சியில் கூடுதலாகச் செலவிட்டால், உடல் வேறு இடத்தில் கொஞ்சம் சிக்கனம் பிடிக்கிறது. 2021-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றின்படி, பயிற்சியில் 100 கலோரி செலவிட்டால் நாள் முழுவதற்குமான செலவில் கூடுவது சராசரியாகச் சுமார் 72 தான்.

இவர்கள் எண்ணை நம்பவே கூடாது

சர்க்கரை நோயாளிகள்: கடிகாரத்தைப் பார்த்து இன்சுலினையோ மாத்திரையையோ நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். நடக்கும்போது வியர்வை, நடுக்கம், கடும்பசி, தலைசுற்றல் வந்தால் உடனே உட்காருங்கள். சர்க்கரையோ குளுக்கோஸோ சாப்பிடுங்கள். "கலோரி கூடிடுமே" என்று யோசிக்கிற நேரம் அது இல்லை. நடக்கப் போகும்போது ஒரு பொட்டலம் சர்க்கரை மடியில் இருக்கட்டும்.

தாய்ப்பால் கொடுப்பவர்கள்: முதல் 6 மாதம் உங்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும். கருவி காட்டும் எண்ணுக்காகச் சாப்பாட்டைக் குறைத்தால் நலிவது உங்கள் உடம்பே. கர்ப்பிணிகளும் அப்படியே.

பிறகு எதை நம்புவது?

எண் முழுக்க வீண் என்று சொல்லவில்லை. ஒரே கடிகாரம், ஒரே ஆள், ஒரே பாதை என்றால், போன வாரத்தைவிட இந்த வாரம் கூடியதா குறைந்ததா என்று பார்க்க அது உதவும். ஆனால் அதைச் சாப்பாட்டுக் கணக்கில் வரவு வைக்காதீர்கள்.

• நிமிடங்களை எண்ணுங்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு.
• பேசிப் பாருங்கள். நடக்கும்போது பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் வேகம் சரி.
• வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே தராசில் எடை பாருங்கள்.
• இடுப்பை நாடாவால் அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் மேல் போகாதிருப்பது நல்லது.
• எடை குறையவில்லை என்று நடையை நிறுத்திவிடாதீர்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுப்பட, எடை குறையாவிட்டாலும் நடை உதவும்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் வந்தால் பயிற்சியை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சந்தேகம் எதுவானாலும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையோ, உங்கள் ஊர் சுகாதார செவிலியரையோ கேளுங்கள்.

எண் தவறலாம், நடந்த நடை வீண் போகாது.