படத்தில் இருப்பது யார்?

(குடும்பத்தோடு வாசித்துப் பேசுவதற்கான பாடம்)



நம்முடைய லயன் காம்பராக்களில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஒரு பழைய போட்டோவும் தொங்குவதுண்டு. கறுப்பு வெள்ளைப் படம். ஒரு மனிதர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்பார். அவருக்குப் பின்னால் சீலையில் வரைந்த பூந்தோட்டம். அவர் போட்டிருக்கும் கோட்டு ஸ்டூடியோக்காரர் கொடுத்ததாக இருக்கும்.

வீட்டுப் பிள்ளை கேட்கும்: "இது யாரு?"

"அது எங்க தாத்தா."

"தாத்தா பேரு என்ன?"

"கருப்பையான்னு நெனைக்கிறேன். எங்க அப்பாயி இருந்தா சரியாச் சொல்லியிருக்கும்."

அப்பாயி இப்போது இல்லை. பெயரும் அவரோடு போய்விட்டது. முகம் மட்டும் சுவரில் இருக்கிறது. இன்னும் பத்து வருஷம் போனால் "யாரோ ஒரு பழைய ஆள்" என்று அந்தப் படத்தைக் கழற்றி வைத்துவிடுவார்கள்.

ஒரு படம் எப்போது நம்முடைய சரித்திரமாகிறது? அதில் உள்ளவரின் பெயரும் ஊரும் கதையும் அதனோடு சேரும்போதுதான். இந்தப் பாடத்தில் நாம் பார்க்கப்போவது இதைத்தான்.

முகம் உண்டு, பெயர் இல்லை

போட்டோ பிடிக்கும் தொழில் நம் நாட்டில் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் பழையது. ஸ்கீன், ஸ்கோவன் ஆகிய வெள்ளைக்காரர்களின் கம்பனிகள் 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கு படம் பிடித்து விற்றன. 1890இல் கொழும்பில் பிளாட்டே கம்பனி தொடங்கியது. துரைமாரும் பணக்காரக் குடும்பத்தாரும் இப்படிப்பட்ட ஸ்டூடியோக்களுக்குப் போய்த் தங்கள் படத்தை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படங்களுக்குக் கீழே அவர்களுடைய பெயர் இருந்தது.

நம் மக்களும் அந்தக் கெமராக்களுக்கு முன்னால் நின்றார்கள். ஆனால் அந்தப் படங்கள் நம் வீட்டுக்கு வரவில்லை. தபால் அட்டைகளாகவும் அல்பங்களாகவும் கப்பலேறிப் போயின. "தமிழ்ப் பெண்", "கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்" என்று மட்டும் கீழே அச்சடித்தார்கள். சிங்களவர், சோனகர் படங்களுக்கும் இதே கதிதான். சாதியும் இனமும் தொழிலும் எழுதத் தெரிந்தவர்களுக்கு, அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டு எழுதத் தோன்றவில்லை.

நம் மலைநாட்டோடு நேராகச் சம்பந்தப்பட்ட ஒருவரும் உண்டு. பொகவந்தலாவைப் புனித மரியாள் தேவாலயத்து மயானத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் என்ற அம்மையாரின் கல்லறை இருக்கிறது. உலகத்துப் போட்டோக் கலையில் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று அவருடையது. 1815இல் கல்கத்தாவில் பிறந்தார். தாய்வழியில் பிரெஞ்சுக்காரர், தகப்பன்வழியில் பிரித்தானியர். 48ஆவது வயதில்தான் முதல் கெமரா கைக்குக் கிடைத்தது. அவருடைய கணவர், 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்குக் காரணமான கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவின் கமரன். அவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் இருவரும் இலங்கைக்கு வந்தார்கள். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் கிளென்கேர்ன் தோட்டத்தில் அம்மையார் காலமானார்.

இங்கிலாந்தில் இருந்தபோது பெரிய கவிஞர்களையும் விஞ்ஞானிகளையும் அவர் படம் பிடித்தார். அவர்கள் பெயரெல்லாம் இன்றும் தெரியும். இலங்கையில் களுத்துறைப் பக்கத்து மக்களையும் தோட்டத்து ஆட்களையும் எடுத்தார். அந்தப் படங்களில் சிலவே மிஞ்சியிருக்கின்றன. 1878இல் எடுத்த ஒன்றை "களுத்துறைக் குடியானவர் குழு" என்று சொல்கிறார்கள். நன்றாகப் பார்த்து, மதிப்போடுதான் எடுத்திருக்கிறார். ஆனாலும் படத்தில் இருப்பவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று அந்தப் படத்தைப் பார்த்தாலும் "இது எங்க பாட்டி" என்று சொல்ல வழியில்லை.

இலக்கம் உண்டு, முகம் இல்லை

இதற்கு எதிர்மாறானதும் நடந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவந்தபோது "டின் டிக்கட்" என்ற முறை இருந்தது. ஒரு சின்னத் தகரத் தட்டில் மாவட்டத்துக்கு ஓர் எழுத்தும், தோட்டத்துக்கு ஓர் இலக்கமும் பொறித்திருக்கும். அதைக் காட்டித்தான் வழி முழுவதும் போக வேண்டும். அந்தத் தகரத்தைப் பார்த்தால் ஆள் எந்தத் தோட்டத்துக்குச் சேர வேண்டியவர் என்பது தெரியும். ஆள் யார் என்பது தெரியாது.

பிறகு, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நம்மவர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். 1964இல் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பதென்றும் தீர்மானித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென்று 1974இல் முடிவானது. அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. எஞ்சியிருந்த நாடற்றவர் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் முடிவு கட்டியது.

அடையாள அட்டை 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தின்படி 1972 முதல் வந்தது. அதில் முகமும் உண்டு, பெயரும் உண்டு. அது நமக்கு மிகவும் அவசியம். ஆனால் அந்தப் படம் அரசாங்கம் நம்மைக் கண்டுகொள்வதற்காக எடுப்பது. நம் பிள்ளைகள் நம்மைக் கண்டுகொள்வதற்கு வேறொரு படம் வேண்டும்.

வெள்ளவத்தையில் கேட்கும் கேள்வி

இன்று நம் பிள்ளைகள் பலர் வெள்ளவத்தைக் கடைகளிலும், கொட்டாஞ்சேனையிலும், புறக்கோட்டையிலும் வேலை செய்கிறார்கள். காலி வீதி ஸ்டூடியோவில் நல்ல உடுப்புப் போட்டு எடுத்த படத்தைத் தீபாவளிக்குக் கொண்டுவருவார்கள். இப்போது கையில் போன் இருப்பதால் தினமும் பத்துப் படம் எடுக்கிறார்கள். சந்தோஷம்தான்.

ஆனால் ஒரு விஷயத்தைப் பேச வேண்டும். அங்கே யாராவது "நீங்க எந்த ஊர்?" என்று கேட்டால், "கண்டிப் பக்கம்", "ஹட்டன்" என்று மழுப்புகிற பிள்ளைகள் உண்டு. தோட்டத்தின் பெயரைச் சொல்வதில்லை. போனில் நூறு படம் இருக்கும். அம்மா கொழுந்துக் கூடையோடு நிற்கும் படம் இருக்காது. இருந்தாலும் யாருக்கும் காட்டுவதில்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. "தோட்டத்தான்" என்று மட்டமாகப் பேசுகிறவர்களின் வாய்க்குப் பயந்துதான் பிள்ளை மறைக்கிறது.

அந்தப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. கொழும்பில் இருக்கிற எல்லாருமே எங்கிருந்தோ வந்தவர்களின் பிள்ளைகள்தான்.

கொட்டாஞ்சேனையைப் பாருங்கள். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். கொழும்புச் செட்டிகளும் பரதரும் அந்தப் பக்கத்துப் பழைய குடிகள். அவர்களுடைய முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியாக வந்தவர்கள். போர்த்துக்கேயப் பெயர் வைத்த தமிழ் முன்னோரும் அவர்களில் உண்டு. வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்தார், மலையகத்தார், முஸ்லிம்கள், சிங்களவர், பறங்கியர் என்று பலரும் அடுத்தடுத்து வாழ்கிறார்கள்.

நம் நாட்டுப் போட்டோக் கலைஞர்களில் பேர்போனவரான லயனல் வெண்ட் (1900–1944) கொழும்புக்காரர். தகப்பன் பறங்கியர், தாய் சிங்களவர். அவர் பெயரிலுள்ள கலையரங்கு 1953இலிருந்து கொழும்பில் இருக்கிறது. ஒரு வேரைச் சொல்வதற்காக மற்ற வேரை வெட்டிவிட வேண்டியதில்லை என்பதற்கு அவரே சாட்சி.

நம் குடும்பங்களும் அப்படித்தான். வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்துப் பிள்ளை "அப்பம்மா, அம்மம்மா" என்கிறது. நாம் "அப்பாயி, அம்மாயி" என்கிறோம். அந்தச் சொல்லைத் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்தில் இன்றும் கேட்கலாம். நாம் கூப்பிடும் முறையிலேயே நம் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சில லயங்களில் பெரியவர்கள் வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள். சில குடும்பங்களில் சிங்களப் பாட்டி உண்டு. இவையெல்லாம் மறைக்கவேண்டிய விஷயமா? சொல்லிவைக்க வேண்டிய செல்வம்.

வீட்டில் செய்யவேண்டியது

1. முதலில் கேளுங்கள். "உங்கள ஒரு படம் எடுக்கட்டுமா அப்பாயி?" என்று அனுமதி வாங்குங்கள். கொழுந்துக் கூடையோடா, கோயிலுக்குக் கட்டும் சீலையோடா என்று அவரே தீர்மானிக்கட்டும். சுற்றுலாக்காரர் கேட்காமல் எடுத்துக்கொண்டு போவதுபோல் நாம் எடுக்கக் கூடாது.

2. வெளிச்சம். வாசற்படியில் உட்கார வைத்தால் போதும். வெளிச்சம் முகத்துக்குப் பக்கவாட்டில் விழட்டும். முதுகுப் பக்கம் வெளிச்சம் இருந்தால் முகம் இருண்டுவிடும்.

3. உயரம். போனை அவருடைய கண் மட்டத்துக்குத் தாழ்த்திப் பிடியுங்கள். நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் பெரியவர் சிறுத்துப் போவார்.

4. பேச்சுக் கொடுங்கள். அவர் பிறந்த தோட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். பேசும்போது முகத்தில் விறைப்புப் போய்விடும். அப்போது எடுங்கள். கைகளும் படத்தில் வரட்டும். ஐம்பது வருஷம் கொழுந்து பறித்த கை அது.

5. எழுதுங்கள். படத்தைக் கழுவி எடுத்து, பின்பக்கத்தில் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறும். எழுதவேண்டியவை: முழுப் பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், பிறந்த தோட்டம், டிவிசன், தாய் தகப்பன் பெயர், இந்தியாவில் முன்னோரின் ஊர், ஒப்பந்தத்தில் போன உறவினர் இருந்தால் அவர் பெயர், படம் எடுத்த திகதி.

6. இரண்டு இடத்தில் வையுங்கள். 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகள் எரிந்தபோது அல்பங்களும் சேர்ந்து எரிந்தன. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதைந்தபோது, அங்கிருந்த படங்களும் புதைந்தன. போனும் ஒருநாள் உடையும். ஆகவே ஒரு பிரதியை வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரரிடம் கொடுங்கள். பழைய படத்தை ஈரச் சுவரில் ஒட்டாமல், கடதாசி உறையில் போட்டுத் தகரப் பெட்டியில் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. படத்தின் பின்னால் எழுதியது சட்டச் சான்று ஆகாது. பிறப்புச் சாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு ஆகியவை வேறாகவே வேண்டும். ஆனால் நம்மில் பலருடைய பெயர் பதிவில் ஒரு விதமாகவும் வாயில் ஒரு விதமாகவும் இருக்கிறது. எந்தத் தோட்டத்தில், எந்த வருஷத்தில், எந்தப் பெயரில் தேட வேண்டும் என்பதை அந்த நாலு வரி காட்டிக்கொடுக்கும்.

வீட்டில் பேசிப் பார்க்க

• நம் வீட்டுச் சுவரில் இருப்பவர்கள் எல்லாருடைய முழுப் பெயரும் நமக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இப்போது யாரிடம் கேட்கலாம்?

• நம் குடும்பத்தில் எத்தனை ஊர், எத்தனை மொழி கலந்திருக்கிறது?

• கொழும்பில் வேலை செய்யும் நம் பிள்ளை, தன் தோட்டத்தின் பெயரைத் தயங்காமல் சொல்கிறதா? இல்லையென்றால் ஏன்?

அடுத்த தீபாவளிக்குப் பிள்ளைகள் போனோடு வருவார்கள். அவர்களை முதலில் அப்பாயியின் பக்கத்தில் உட்கார வையுங்கள். படம் எடுப்பதற்கு ஐந்து நிமிஷம் போதும். கேட்டு எழுத ஒரு மணித்தியாலம் ஆகும். அவர் இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள்.