பளபளக்கும் துப்பாக்கியை நம்பாதே

சிரஞ்சீவி சின்னவனுக்குப் பெரியப்பா எழுதிக்கொண்டது.  

இரண்டு துப்பாக்கிகளின் படங்களும் வந்து சேர்ந்தன. ஒன்று லண்டன் பெயர் பொறித்த, விசைப் பொறி பக்கத் தகடுகளில் இருக்கும் சைடுலாக், புதுப் பாத்திரம் மாதிரி மின்னுகிறது. மற்றது பர்மிங்ஹாமில் செய்து மெட்ராஸ் கடையில் விற்ற, பொறி உடலுக்குள் அடங்கிய பாக்ஸ்லாக், நிறம் போய் மங்கிக் கிடக்கிறது. எதை வாங்கட்டும் என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். முடிவு உன்னுடையது, காசும் உன்னுடையது. ஆனால் அந்த முதல் படத்தைப் பார்த்ததிலிருந்து பெரியப்பாவுக்குச் சரியான தூக்கம் இல்லை. தாத்தாவின் துப்பாக்கிக்கு என்ன நடந்தது என்று உனக்கே தெரியும். அப்போது நீ சின்னப் பையன், ஆனாலும் தெரியும்.

முதலில் காகிதம். நூறு வருடப் பழசு, புராதனப் பொருள், லைசென்ஸ் தேவையில்லை என்று விற்பவர் பேச்செடுத்தால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்களிப்பது, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்குத்தான். தோட்டா போட்டால் வெடிக்கும் என்றால், அது விக்டோரியா ராணி காலத்துத் துப்பாக்கியே ஆனாலும் லைசென்ஸில் ஏறியாக வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கிடையாது. உன் லைசென்ஸில் ஏற்கெனவே ஒன்று ஏறியிருக்கிறது. மிச்சம் இருப்பது ஒரே இடம். அதில் தப்பான பொருளை ஏற்றிவிட்டால் மாற்றுவதற்குள் அலுத்துப்போகும்.

அடுத்தது பெயர். தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது 1980-களில் ஏறக்குறைய நின்றுபோனது. அதற்கு முன் நாட்டுக்குள் வந்தவைதான் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அதனால் இங்கிலாந்தில் சீந்துவார் இல்லாத சாதாரணத் துப்பாக்கிக்குக்கூட இங்கே கிராக்கி. கிராக்கி இருக்கும் இடத்தில் போலியும் இருக்கும். இது இன்று வந்த வழக்கமும் இல்லை. ஜோசப் மாண்டன் 1835-இல் இறந்தார். அவர் பட்டறையில் வேலை பார்த்த ஜேம்ஸ் பர்டியும் தாமஸ் பாஸும் பிறகு தனியாகப் பெயரெடுத்தார்கள். மாண்டன் காலமாகிப் பல பத்தாண்டுகள் கழித்தும் அவர் பெயரைப் பொறித்த மலிவான துப்பாக்கிகள் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்திலிருந்து வந்துகொண்டே இருந்தன. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்று நினைத்து வாங்குவதற்காகவே 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்' என்று பொறித்தவையும் உண்டு. குழலைக் கழற்றி அடிப்பக்கம் பார்த்தால் நீள்வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. என்று லியேஜ் முத்திரை இருக்கும். மேலே லண்டன், கீழே லியேஜ் என்றால் பேச்சுவார்த்தை அங்கேயே முடிந்தது.

மெட்ராஸ் பி. ஓர் அண்ட் சன்ஸ் கடிகாரக் கடை என்றுதான் இப்போது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் துப்பாக்கியும் விற்றார்கள். அப்படிப்பட்ட கடைகள் பெரும்பாலும் பர்மிங்ஹாமில் செய்வித்துத் தங்கள் பெயரைப் பொறித்து விற்றன. அதில் மோசடி எதுவும் இல்லை. அந்தக் காலத்து வியாபார முறை அது. லண்டன் பெயர்களுக்கோ வேறு வசதி இருக்கிறது. பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போன்றவர்களிடம் பழைய பேரேடுகள் இன்றும் உள்ளன. வரிசை எண்ணை எழுதிக் கேட்டால் எந்த ஆண்டு, எத்தனை அங்குலக் குழல், எந்த வகை என்று தெரிந்துகொள்ளலாம். குழல், ஆக்‌ஷன், முன்கட்டை மூன்றிலும் ஒரே எண்தானா என்று பார். முப்பது அங்குலம் என்று பேரேடு சொல்லி, கையில் இருப்பது இருபத்தாறு என்றால் யாரோ அறுத்திருக்கிறார்கள். அறுத்த குழலின் வாயில் இரண்டு குழலுக்கும் நடுவே இடைவெளி தெரியும், சோக் என்னும் வாய்க்குறுக்கமும் போயிருக்கும்.

இப்போது அடிப்பக்க முத்திரைகள். கண்ணாடி வைத்து நிதானமாகப் படிக்க வேண்டியது இதைத்தான். லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் சோதனைச் சாலைகள் உண்டு. பர்மிங்ஹாம் சோதனைச் சாலை 1813-இல் சட்டம் போட்டு ஏற்பட்டது. வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டு வெடித்துப் பார்த்து, தாங்கிய குழலில் மட்டும் முத்திரை குத்துவார்கள். அந்த முத்திரைகளே துப்பாக்கியின் ஜாதகம். 'நாட் ஃபார் பால்' என்று இருந்தால் அது 1875-க்கும் 1887-க்கும் இடைப்பட்ட சோக் குழல். அப்போது சோதனை எல்லாம் கருமருந்தில்தான். புகையற்ற மருந்துக்கான நைட்ரோ சோதனை பிரிட்டனில் 1896 விதிகளில்தான் வந்தது. அழகான டமாஸ்கஸ் குழல், இரும்பும் எஃகும் முறுக்கி அடித்தது, நெளி நெளியாகக் கோலம் தெரியும். பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். நைட்ரோ முத்திரை இல்லாவிட்டால் அது சுவரில் மாட்ட மட்டும்தான். உன் அவசர புத்தி பெரியப்பாவுக்குத் தெரியும் என்பதால் இன்னொரு தரம்: நைட்ரோ முத்திரை இல்லாத குழலில் இன்றைய தோட்டாவைப் போடவே கூடாது.

தோட்டாவின் நீளமும் அப்படித்தான். பழைய 12 போர் பலவற்றுக்கு அறை இரண்டரை அங்குலம், 65 மில்லிமீட்டர். 70 மில்லிமீட்டர் தோட்டா அதற்குள் இடிக்காமல் உட்கார்ந்துவிடும், அதுதான் ஆபத்து. வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும்.

பிறகு அளவு. அடியில் '12' என்று குத்தியிருந்தால், பின்பக்கத்திலிருந்து ஒன்பது அங்குலம் உள்ளே குழலின் விட்டம் 0.729 அங்குலத்துக்கும் 0.740-க்கும் இடையில் இருக்க வேண்டும். தாண்டினால் அந்தச் சோதனை செல்லாது. பிரிட்டனில் மறுசோதனை செய்யாமல் அதை விற்பதே குற்றம். குழல் சுவரின் கனத்தையும் தனிக் கருவியால் அளக்கச் சொல். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது பங்குக்குக் கீழே மெலிந்தால் கை வைக்காதே. தானாக மெலிவதில்லை, கண்ணு. உள்ளே துரு அரித்த குழிகளை மறைக்கத் தேய்க்கிறார்கள். தேய்க்கத் தேய்க்க இரும்பு போகிறது.

நம் வீட்டுக் கதையும் இதுதான். தேர்தலுக்குத் தேர்தல் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து, அங்கே மாதக்கணக்கில் எண்ணெய் படாமல் கிடந்து, தாத்தாவின் துப்பாக்கியில் லேசாகத் துரு ஏறியிருந்தது, அவ்வளவுதான். எண்ணெய்த் துணி போதும். உன் அப்பா யாரையும் கேட்காமல் ஒரு பழுது பார்ப்பவரிடம் கொடுத்து, பஃப் பிடித்து, புதுக் கறுப்பு ஏற்றிக் கொண்டுவந்தார். செதுக்குவேலையின் முனைகள் மழுங்கிப் போயின. அடியில் இருந்த முத்திரைகளில் பாதி காணோம். என்ன சோதனை, எந்த ஆண்டு, எதுவும் படிக்க முடியவில்லை. பிறகு விற்கப்போனபோது வந்தவர்கள் எல்லோரும் குழலைக் கழற்றி, திருப்பிப் பார்த்து, மூடிவைத்துவிட்டுப் போனார்கள். உன் அப்பாவைக் குறை சொல்ல எழுதவில்லை. தம்பி நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆனால் ஐம்பது அறுபது வருடம் தாத்தா கைபட்ட பொருள், ஒரு மத்தியானத்தில் அதன் கணக்கு வழக்கெல்லாம் அழிந்துபோனது. இதைப் பெரியப்பாவால் மறக்க முடியவில்லை.

மங்கலான துப்பாக்கி உண்மை பேசும். ஆக்‌ஷனின் பழைய நிறம் கைபடும் இடத்தில் மட்டும் தேய்ந்து, மூலையில் மிச்சமிருந்தால் அது இயல்பான தேய்மானம். திருகுகளின் பள்ளம் சிதையாமல் இருந்தால் கண்டவர் கை படவில்லை. மேலே மினுக்கென்று கறுப்பும் கீழே மழுங்கிய எழுத்தும் சேர்ந்திருந்தால், கேட்கும் விலையில் பாதிகூடப் பெறாது.

நேரில் போகும்போது முன்கட்டையைக் கழற்றிவிட்டு, குழலை ஆக்‌ஷனில் மாட்டி மெல்ல ஆட்டிப் பார். அசைவு இருந்தாலும், வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கும்போது பின்முகத்துக்கும் ஆக்‌ஷனுக்கும் நடுவே கீற்று தெரிந்தாலும், பூட்டு தேய்ந்திருக்கிறது. குழலை மட்டும் கொக்கியில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டு. கணீரென்று நீடித்தால் இரண்டு குழலையும் இணைக்கும் நடு ரிப் நன்றாகப் பற்றியிருக்கிறது. சொத்தென்று கேட்டால் ஈயப்பற்று விட்டிருக்கும். வெளிச்சத்தை நோக்கிக் குழலுக்குள் பார்த்தால் நிழல் வளையங்கள் தெரியும். ஒரு வளையம் நெளிந்தால் அங்கே நசுங்கல். கட்டையின் கைப்பிடி மெலியும் இடத்தில் விரிசலும், ஆக்‌ஷன் சேரும் இடத்தில் எண்ணெய் ஊறிக் கறுத்த மரமும் இருக்கிறதா என்று பார். விசையை வெறுமனே இழுக்காதே, போலித் தோட்டா போட்டு இழு.

'ஸ்லீவ்டு' என்று குத்தியிருந்தால் பழைய குழலை அறுத்துப் புதுக் குழல் பொருத்தியது. சுட ஏற்றது, விலை மட்டும் குறைய வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகு எதை வேண்டுமானாலும் வாங்கு. பெரியப்பாவுக்கு அந்த பாக்ஸ்லாக் பிடித்திருக்கிறது என்பது வேறு விஷயம். 1875-இல் ஆன்ஸனும் டீலியும் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸில் உருவாக்கிய அமைப்பு, குறைந்த பாகம், மழைக்காலத்து ஈரத்தையும் தாங்கும். படத்திலேயே முத்திரை தெளிவாகத் தெரிகிறது. அந்த லண்டன் துப்பாக்கியின் அடிப்பக்கப் படத்தை மட்டும் விற்பவர் ஏன் அனுப்பவில்லை?

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. வேட்டைக் காலம் எப்போதோ முடிந்தது. ரைபிள் கிளப்பில் தட்டு சுடத்தான் என்கிறாய், சந்தோஷம். வீட்டில் சின்னஞ்சிறுசுகள் இருக்கிறார்கள். இரும்புப் பெட்டி, தோட்டாவுக்குத் தனிப் பூட்டு, சாவி உன் இடுப்பில். இதெல்லாம் தயாரான பிறகு லைசென்ஸில் ஏற்றலாம்.

நீளமாக எழுதியாயிற்று, கோபித்துக்கொள்ளாதே. உனக்கு நல்ல கண் இருக்கிறது, நம் வீட்டில் வேறு யாருக்கும் இல்லாத பொறுமையும் இருக்கிறது. அந்த இரண்டாவது துப்பாக்கியைத் தேடிக் கண்டுபிடித்ததே அதற்குச் சாட்சி. பார்க்கப் போகும் நாளைச் சொல். முழங்கால் வலியோடு பெரியப்பாவும் கூட வரத் தயார். விட்டம் அளக்கும் கருவியும் பையில் இருக்கும். பெரியம்மா உனக்கென்று கச்சாயம் சுட்டு வைப்பதாகச் சொல்கிறாள், குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வா. வேண்டுமானால் அப்பாவையும் கூட்டி வா. எந்தத் துப்பாக்கி வாங்கினாலும், வாங்காமலே வந்தாலும், எங்களுக்கு நீ வந்தால் போதும்.

அன்புடன்,
பெரியப்பா