புழைக்கடைத் தோட்டமும் இளவேனிற் பருவமும்

சித்திரை, வைகாசி ஆகிய இரு திங்களும் கூடியது இளவேனில். மாசியில் வேம்பும் புங்கும் பழைய இலைகளை உதிர்த்துவிட்டுப் பங்குனியில் தளிர்க்கின்றன. சித்திரை பிறக்குங்கால் வேம்பு பூத்து மணக்கின்றது. இத்தோற்றத்தைக் கண்டு வீட்டின் புழைக்கடையில் விதை ஊன்ற விழைவோர் பலர். அவ்விருப்பம் போற்றத்தக்கதே. ஆயினும் மரம் தளிர்ப்பதைக் கொண்டு மண்ணில் ஈரம் உண்டென்று கருதுதல் கூடாது. மரத்தின் வேர் பல அடி ஆழத்து நீரை உறிஞ்சுகின்றது. பாத்தியிலுள்ள கீரைக்கும் வெண்டைக்கும் மேல்மண்ணின் ஈரமே ஆதாரம். வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்ந்துவிடுவதால், தமிழ்நாட்டுச் சமவெளிகளில் அம்மேல்மண் மாசி முதலே உலரத் தொடங்குகின்றது.

இதனை எண்ணாது விதைப்போர் அடையும் நட்டம் பெரிது. மாசியில் கிணற்றில் நீர் நிறைய இருக்கக் கண்டு புழைக்கடை முழுவதையும் கொத்தி விதைக்கின்றனர். வைகாசியில் நீர்மட்டம் தாழ்கின்றது. காய்க்கத் தொடங்கிய செடிகள் அப்போதே வாடுகின்றன. விதையும் எருவும் இரண்டு திங்கள் உழைப்பும் ஒருங்கே வீணாகின்றன. ஆதலின், மாசியில் காணும் நீரைக் கொண்டு தோட்டத்தை அளவிடலாகாது. வைகாசியில் நாள்தோறும் எத்தனை குடம் நீர் மிஞ்சுமோ, அதனைக் கொண்டே அளவிடல் வேண்டும்.

நீரின் கணக்கு

கோடை வெயிலில் 10 சதுர அடிப் பாத்திக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 லிட்டர் நீர் வேண்டும். ஒரு குடம் 15 லிட்டர் கொள்ளுமெனில் அது 25 சதுர அடிக்குப் போதும். வைகாசியில் நாள்தோறும் 6 குடம் நீர் ஒதுக்கவல்ல குடும்பம் பின்வருமாறு பிரித்துக்கொள்ளலாம்: வெண்டைக்கு 75 சதுர அடி, அதற்கு 3 குடம், கீரைக்கு 25 சதுர அடி, கொத்தவரைக்கு 25 சதுர அடி, அவற்றிற்கு ஒவ்வொரு குடம், எஞ்சிய ஒரு குடம் புடல் அல்லது பீர்க்கு ஊன்றிய இரண்டு குழிகளுக்கு. 3 குடமே உள்ள குடும்பம் இதில் பாதியோடு நின்றுவிடுதல் நலம்.

அரிசியும் காய்கறியும் கழுவிய நீரைக் கறிவேப்பிலைக்கும் காய்கறிச் செடிகளுக்கும் விடலாம். குளித்த நீரும் பாத்திரம் துலக்கிய நீரும் ஓரிடத்தில் தேங்கினால் கொசு பெருகும். சிறு வாய்க்கால் வெட்டி அதனை வாழைக்கும் சேம்புக்கும் திருப்பிவிட வேண்டும். துணி வெளுத்த சவுக்கார நீரிலுள்ள உப்பும் காரமும் மண்ணை இறுகச் செய்யும். ஆகவே அதனைப் பாத்திகளில் விடலாகாது. கீரையின்மீது கழிவுநீர் எதனையும் தெளித்தல் ஆகாது.

விதைப்பு

வெண்டை விதையை ஓரிரவு நீரில் ஊறவைத்து, மாசிக் கடைசியில், வரிசைக்கு வரிசை ஒன்றரை அடியும் செடிக்குச் செடி ஓரடியும் இடைவெளி விட்டு, இடத்துக்கு இரண்டாக ஊன்றுக. முளைத்தபின் வலிய நாற்று ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினால் 75 சதுர அடியில் 50 செடிகள் நிற்கும். சித்திரை நடுவிலோ கடைசியிலோ பறிப்புத் தொடங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பிஞ்சாகவே பறித்தல் வேண்டும். காய் முற்ற விட்டால் செடியின் காய்ப்புக் குன்றும்.

முளைக்கீரை 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். எனவே பாத்தியை மூன்று துண்டாக்கி, 8 நாளுக்கு ஒரு துண்டாக விதைத்துவந்தால் கீரை இடையறாது கிடைக்கும். விதை மிகச் சிறிதாகையால் மணலுடன் கலந்து தூவுக. எறும்பு விதையை இழுத்துச் செல்லாதிருக்கப் பாத்தியின் ஓரத்தில் சிறிது நொய்யைத் தூவிவைப்பதுண்டு. மேற்கே சுவரோ மரமோ நின்று பிற்பகல் வெயிலை மறைக்கும் இடம் கோடைக் கீரைக்கு ஏற்றது.

கொத்தவரை வறட்சியைத் தாங்குவது; நீர் ஓரிரு நாள் தவறினும் பிழைத்துக்கொள்ளும். புடலும் பீர்க்கும் பந்தலில் ஏறுபவை. ஒன்றரை அடி ஆழக் குழியில் மக்கிய எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, ஐந்து விதை ஊன்றி, இரண்டு கொடிகளை மட்டும் விடுக. வெயில் மிகுங்கால் ஆண் பூக்கள் மிகுதியாகத் தோன்றும். அதனால் கொடி மலடென்று பிடுங்கிவிடுதல் தவறு. பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு காணப்படும்.

உதிர்ந்த இலையின் பயன்

மாசியிலும் பங்குனியிலும் உதிரும் இலைகளைக் கூட்டிக் கொளுத்துவது பல வீடுகளில் வழக்கமாக உள்ளது. இதைக்காட்டிலும் வீண்செலவு வேறில்லை. அவ்விலைகளைச் செடிகளின் இடையே 2 அல்லது 3 அங்குலக் கனத்தில் பரப்பினால் வெயில் மண்ணில் நேரே படாது, ஈரம் நின்று நிலைக்கும், களையும் குறையும். தண்டைச் சுற்றி மூன்று விரற்கடை இடம் விடுதல் அவசியம். இன்றேல் தண்டு அழுகவும் கறையான் பற்றவும் கூடும். நீரை விடியற்காலையிலோ பொழுது சாய்ந்தபின்னோ மூடாக்கின் அடியில் வேருக்கு எட்டுமாறு விடுக. நாற்று முளைத்து நான்கு இலை விட்டபின்னரே மூடாக்கு இடுதல் முறை.

நோயும் பூச்சியும்

கோடை வெண்டைக்குப் பெரும்பகை மஞ்சள் நரம்புத் தேமல். இலை நரம்புகள் மஞ்சளாகி, காயும் வெளுத்துச் சிறுக்கும். வெள்ளை ஈ இதனை ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்கின்றது. நோயுற்ற செடியைக் குணப்படுத்த மருந்தில்லை. முதல் அடையாளம் கண்டவுடன் வேரோடு பிடுங்கி எரித்துவிடுதலே மற்றவற்றைக் காக்கும் வழி. 50 செடிகளில் ஒன்றைப் பிடுங்கத் தயங்குவோர் பின்னர் பலவற்றை இழப்பர். கொடிக்காய்களைக் கெடுக்கும் பழ ஈ வறண்ட வெயிலில் குறைந்தும் மழைக்காலத்தில் மிகுந்தும் காணப்படும். கோடையிலேயே சொத்தைக் காய்களைப் பொறுக்கி அழித்துவந்தால் மழைக்காலத்தில் அதன் தொல்லை தணியும்.

இவ்வாறு சிறிய அளவில் தொடங்கிய தோட்டம் அக்கினி நட்சத்திர வெயிலிலும் பசுமை குன்றாது நிற்கும். சந்தையில் காய்கறி விலை ஏறும் நாட்களில் வீட்டு அடுப்புக்கு உதவும். மூடாக்காக இட்ட இலை ஆனிக்குள் பெரும்பாலும் மக்கி எருவாகிவிடும். ஆடிப்பட்டத்துக்கு மண்ணைக் கொத்தும்போது, புழைக்கடையின் எஞ்சிய பகுதியையும் அப்பருவ மழையை நம்பி விதைப்புக்குக் கொண்டுவரலாம்.